திருமங்கலம்: மதுரைக்குத் தெற்கே ஒரு தொழில் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மில்லில் வேலை கிடைத்து வருகிறவர்கள், மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள், கப்பலூரில் பட்டறை போட இடம் தேடுகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் என்று திருமங்கலத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பலவிதம். ஆனால் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். உள்ளூர்க்காரன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில், இது எந்தத் திருமங்கலம்?

சென்னை அண்ணா நகர் பக்கம் மெட்ரோ நிலையம் இருக்கிறதே, அந்தத் திருமங்கலம் இல்லை. லால்குடி பக்கத்தில் இருக்கிற திருமங்கலமும் இல்லை. இது மதுரை மாவட்டத் திருமங்கலம். பின்கோடு 625706. ரயில் டிக்கெட் போடும்போது நிலையக் குறியீடு டி.எம்.க்யூ. எங்கள் ஊர் வண்டிகளின் நம்பர் டி.என். 58 இசட் என்று தொடங்கும். கூரியரில் ஏதாவது அனுப்பினால் ‘மதுரை மாவட்டம்’ என்பதைப் பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்சல் அண்ணா நகரைப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

மதுரை மாநகராட்சிக்குள் அடக்கமா?

இல்லை. மதுரையிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தனி நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் மட்டும் 51,000 பேருக்கு மேல். மாவட்டத்தில் இருக்கிற வருவாய்க் கோட்டங்களில் ஒன்றுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டாட்சியர் அலுவலகம், தாலுகா ஆபீஸ், கோர்ட், அரசு மருத்துவமனை எல்லாம் இங்கேயே உண்டு. தமிழ்நாட்டின் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும் இங்கேதான்.

இதில் ஒரு வேடிக்கை. மாவட்டம் மதுரை, ஆனால் நாடாளுமன்றத் தொகுதி விருதுநகர். கலெக்டரைப் பார்க்க வடக்கே போகவேண்டும், எம்.பி.யைப் பார்க்கத் தெற்கே போகவேண்டும். தொகுதி எல்லை வகுத்தவர்கள் கணக்கு எப்படியோ, ஊரின் இயல்புக்கு அது பொருந்தித்தான் இருக்கிறது. மதுரையின் புறநகர் என்று எங்களை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஊர் கடைசி வரை பிடிபடாது. இந்த ஊரின் வியாபாரமும் உறவுமுறையும் தெற்கேயும் மேற்கேயும் இருக்கிற கிராமங்களோடுதான்.

அப்படியானால் இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது?

ரோட்டை வைத்து. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த வழியாகப் போகிறது. கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இங்கிருந்துதான் பிரிகிறது. டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர் என்று போய்க் கேரளத்துக்குள் இறங்கும் சாலை அது. மேற்கே உசிலம்பட்டிக்கு ஒரு சாலை, கிழக்கே விமான நிலையத்துக்கு ஒரு சாலை. மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876-இல் வந்தபோதே ஊர் அந்தத் தடத்தில் இருந்தது.

இத்தனை வழியும் கூடும் இடத்தில் சந்தை கூடாமல் இருக்குமா? தெற்கே கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கமெல்லாம் கரிசல் காடு. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மல்லி என்று மானாவாரியில் விளைந்தது அத்தனையும் இங்கேதான் வந்து இறங்கியது. கமிஷன் கடை, அரவை மில், ஜின்னிங் மில் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. பிறகு மல்லிகை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியில் நல்ல பங்கு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கப்படுவதுதான். பூ விலை முகூர்த்த நாளில் ஏறும், மறுநாள் விழும். மிஞ்சியது சென்ட் கம்பெனிக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை பெரிதாமே?

பெரிது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வெள்ளிக்கிழமைகளில் செய்தியில் வரும் அளவுக்குப் பெரிது. விடிவதற்கு முன்பே டாட்டா ஏஸ் வண்டிகள் வந்துவிடும். டூவீலரில் முன்னால் ஒரு குட்டி, பின்னால் மனைவி மடியில் ஒரு குட்டி என்று வருகிறவர்களும் உண்டு.

முதல் தடவை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. இங்கே தராசு கிடையாது. வாங்குகிறவர் ஆட்டின் முதுகுத்தண்டில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். வாயைப் பிளந்து ‘ரெண்டு பல்லா, நாலு பல்லா’ என்று வயதைப் பார்ப்பார். அடிவயிற்றில் கை கொடுத்து ஒரு தூக்கு தூக்குவார். அவ்வளவுதான். ‘கறி பன்னிரண்டு கிலோ தேறும்’ என்று சொல்லிவிடுவார். விற்கிறவர் ‘பதினஞ்சுக்குக் குறையாது’ என்பார். நடுவில் தரகர் புகுந்து இரண்டு பேர் கையையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. தரகர் இல்லாமல் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் ஆட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிக் கூட்டி வந்திருக்கிறார்களா என்பது தரகருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

கப்பலூரும் திருமங்கலமும் ஒன்றா?

பக்கத்துப் பக்கத்து ஊர். திருமங்கலத்துக்கு வடக்கே, மதுரை வரும் வழியில் கப்பலூர். மதுரை உத்தங்குடியில் தொடங்கும் சுற்றுச்சாலை நகரத்தைக் கிழக்கே சுற்றிக்கொண்டு வந்து முடிவது இங்கேதான். நெடுஞ்சாலையின் மேற்குப் புறவழியும் இங்கேதான் சேர்கிறது. ஆக, மதுரைக்குள் போகாமல் தெற்கே போகவேண்டிய எந்த லாரியும் கப்பலூரைத் தொடாமல் போகமுடியாது.

தொழிற்சாலைகள் இங்கே குவிந்ததற்கு இந்த ஒரு காரணமே போதும். மதுரைக்குள் முதல் பெரிய மில், ஹார்வி சகோதரர்களின் மதுரை மில், 1892-இல் ரயில் நிலையத்தை ஒட்டி வந்தது. அந்தக் காலத்தில் பஞ்சு வருவதும் நூல் போவதும் ரயிலில். பிறகு லாரி காலம் வந்தது. நகரத்துக்குள் லாரி நுழைய நேரக் கட்டுப்பாடு, கே.புதூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வீடுகளின் நெருக்கடி. தொழில் வெளியே நகர்ந்தபோது தெற்கே விலை மலிவாக மானாவாரி நிலம் இருந்தது.

கப்பலூரில் என்னென்ன தொழில் நடக்கிறது?

மூத்தது தியாகராசர் மில். கருமுத்து தியாகராசர் 1936-இல் தொடங்கியது. மதுரையில் மில், பள்ளி, கல்லூரி என்று அவர் நிறுவியவற்றின் பட்டியல் நீளம். அதில் இன்றும் நூல் ஓடிக்கொண்டிருக்கும் ஆலை இது.

அப்புறம் சிட்கோ தொழிற்பேட்டை. தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் பேட்டை. ‘சிட்கோ’ என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். உள்ளே ஒரே வகைத் தொழில் கிடையாது, அதுதான் இதன் தனித்தன்மை. சிவகாசி என்றால் பட்டாசு, அச்சு. திருப்பூர் என்றால் பனியன். கப்பலூர் என்றால் எது என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லமுடியாது. ரப்பர் பாகம் வார்க்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில் லேத் பட்டறை இருக்கும், அதற்கு அடுத்து பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி, எதிர் வரிசையில் உணவுப் பொருள் பாக்கெட் போடும் கம்பெனி. மதுரைக்கு ரப்பர் பழைய தொழில். டி.வி.எஸ். குடும்பத்தின் வாகனத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தது. பெரிய கம்பெனிக்கு வாஷர், புஷ், பீடிங் செய்து கொடுத்தே மூன்றாம் தலைமுறை ஆகிவிட்ட குடும்பங்கள் உண்டு.

இந்தப் பலவகைத் தன்மையை நான் நல்லது என்றே நினைக்கிறேன். நூல் விலை விழுந்த வருடங்களில் மில் ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இங்கே ஒரு ஷெட்டு பூட்டினால் அடுத்த ஷெட்டில் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. திருப்பூர் மாதிரி ஒரே குரலில் கேட்டு வாங்கும் பலம் இங்கே வராது. ரப்பர்காரர் கவலை வேறு, அட்டைப்பெட்டிக்காரர் கவலை வேறு.

இது போக எண்ணெய்க் கம்பெனி டேங்கர் லாரிகள். இந்தியன் ஆயிலின் கிடங்கு கப்பலூரில் இருக்கிறது. தென் மாவட்டத்துப் பெட்ரோல் பங்க்குகள் பலவற்றுக்கும் இங்கிருந்து வண்டி போகிறது.

வேலை தேடி வருகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியனுக்கு ஓரளவு சுலபம். படிப்பு இல்லாவிட்டாலும் மில்லில் எடுத்துப் பழக்குவார்கள். மில் வேலை என்றால் ஷிப்ட் உண்டு, இரவு ஷிப்ட்டும் உண்டு. கம்பெனி பஸ் உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடி பக்கம் கிராமம் கிராமமாகப் போய் ஆள் ஏற்றி வரும். ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களை டீக்கடையில் பார்த்தாலே தெரியும், புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றவர்கள் வெளியே வந்தும் கொஞ்ச நேரம் சத்தமாகத்தான் பேசுவார்கள்.

சேரும்போது வெட்கப்படாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, இன்னொன்று பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி. பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் ரூ.21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டவேண்டும். பி.எஃப். இருபது பேராவது உள்ள இடத்துக்குப் பொருந்தும், உங்கள் பங்கு 12 சதவீதம். ‘கைக்கு முழுசா தர்றோம், பிடித்தம் எதுக்கு’ என்று ஆசை காட்டும் இடங்கள் உண்டு. விரல் மெஷினில் போனால் அந்த முழுச் சம்பளம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாது.

வடநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட், உத்தரப்பிரதேசம். மில்லில், கட்டட வேலையில், ஓட்டலில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைவீதியில் செல்போன் கடை முன்னால் இந்தி கேட்கும். ‘அவர்கள் வந்ததால் நமக்கு வேலை போச்சு’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னைக்கும் ஓசூருக்கும் போகிறார்கள், இரவு ஷிப்ட்டுக்கு இங்கே ஆள் இல்லை. அந்த இடத்துக்குத்தான் அவர்கள் வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் பம்பாய்க்கும் மலேசியாவுக்கும் போன கதைதான் இது.

ஊரில் எந்தெந்த ஜனங்கள் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். நேராகவே பதில் சொல்கிறேன்.

கடைவீதியை உருவாக்கியதில் நாடார் வணிகர்களுக்குப் பெரிய பங்கு. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி, திருமங்கலம் என்று ஆறு ஊர் நாடார்கள் 19-ஆம் நூற்றாண்டில் உறவின்முறை என்ற சாதிச் சங்கம் அமைத்து, வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துப் பொதுக் காரியம் செய்தார்கள். பி.கே.என். பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. இன்று அங்கே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

மேற்கே போகப்போகப் பிரமலைக் கள்ளர் கிராமங்கள். தெற்கே கரிசலில் வீட்டில் தெலுங்கு பேசும் நாயக்கர், ரெட்டியார் குடும்பங்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் குடியிருப்புகள் ஊரைச் சுற்றிலும். இஸ்லாமியர்கள் நகரத்துக்குள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். மட்டன் கடையிலிருந்து மருத்துவம் வரை எல்லாத் தொழிலிலும் உண்டு. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களும் உண்டு.

பிரச்சினையே இல்லாத ஊர் என்று நான் எழுதினால் இங்குள்ளவர்களே சிரிப்பார்கள். கிராமத்தில் சாதி இறுக்கம் இன்னும் இருக்கிறது. திருவிழா, கொடிக்கம்பம், சிலை என்று உரசல் வரும். ஆனால் கப்பலூரில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே டேபிளில் டிபன் பாக்ஸைத் திறக்கும் பழக்கம் ஒரு தலைமுறையாக இருக்கிறது. அது கிராமத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

பழைய வரலாறு ஏதாவது உண்டா?

இரண்டு சொல்கிறேன், இரண்டும் ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஒன்று, மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேர் திருமங்கலத்தில் இருக்கிறது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இங்கே ஒரு நிலையம் வைத்தது. 1842-இல் இங்கே தொடங்கிய செமினரி என்ற மிஷன் கல்விக்கூடம் 1845-இல் பசுமலைக்குப் போனது. 1881-இல் கல்லூரியானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்குப் போய்க் கோரிப்பாளையத்தில் நிலைத்தது. திருமங்கலத்தில் விதைத்ததை மதுரை அறுத்துக்கொண்ட கதை அப்போதே ஆரம்பம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கிண்டலாகச் சொல்வார்கள்.

இரண்டாவது, பெருங்காமநல்லூர். சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் கிராமத்து மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து. சேடபட்டிப் பக்கம் இருக்கும் அந்தக் கிராமம் அன்று திருமங்கலம் தாலுகா. அதன் பிறகு அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. கப்பலூர் ஷெட்டுகளில் வேலை பார்க்கும் பலர் அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள்தான்.

டி.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமமும் பார்க்க வேண்டிய இடம். கிராமத் தொழில்களுக்காகவே பேசிய பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தை அங்கே கழித்தார். பெரிய ஆலைகளின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கப்பலூர் வளர்ந்தது.

கப்பலூர் டோல்கேட் தகராறு என்னதான்?

இது நீளமான பதில், ஏனென்றால் தகராறு நீளம்.

தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008 என்று இருக்கிறது. அதன்படி டோல்கேட் ஒரு நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டும். எழுத்து மூலம் காரணம் காட்டினால் அதைக் குறைக்கலாம், ஆனால் 5 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்பதுதான் பொது விதி. கப்பலூர் டோல்கேட் திருமங்கலம் நகராட்சியை ஒட்டியே, இரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது என்பதுதான் ஊர்க்காரர்களின் வாதம். நெடுஞ்சாலை ஆணையம் வேறு கணக்குச் சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். திருமங்கலத்தில் வீடு, கப்பலூரில் பட்டறை என்று இருக்கிறவர் காரில் வேலைக்குப் போனால் டோல், வந்தால் டோல். ஆஸ்பத்திரி, கல்யாணம், துக்கம் என்று மதுரைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் டோல். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவரும், பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும்.

ஆகவே ஆண்டுக்கணக்கில் போராட்டம். சில காலம் உள்ளூர் வண்டிகளை ஆதார் அட்டையைப் பார்த்து இலவசமாக விடுவார்கள். மறுபடி ஒரு நாள் ஃபாஸ்டேக்கில் பணம் எடுத்துவிடும். மறுபடி மறியல். 2024 ஜூலையில் இது பெரிதாகக் கிளம்பி ஊரே கடையடைத்தது. 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும், வாடகைக்கு ஓடாத வண்டிகளுக்குச் சலுகை விலையில் மாதப் பாஸ் விதிகளிலேயே உண்டு. ‘எங்கள் ஊருக்குப் போக நாங்கள் ஏன் பாஸ் வாங்கவேண்டும்’ என்பதுதான் பதில். எனக்கும் அதே எண்ணம்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் அன்றைய நிலவரத்தை டோல்கேட் அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஃபாஸ்டேக்கை மாட்டுங்கள். டூவீலருக்கு டோல் கிடையாது.

எய்ம்ஸ் திருமங்கலத்திலா, மதுரையிலா?

தோப்பூரில். திருமங்கலத்துக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவே. அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. கட்டடம் எழும்பாத நிலையில் முதல் 50 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கினார்கள். தோப்பூருக்கு மருத்துவம் புதிதில்லை, ஆஸ்டின்பட்டி காசநோய் ஆஸ்பத்திரி அங்கே ரொம்ப காலமாக இருக்கிறது. அடிக்கல் நட்ட மறுநாளே ஏறியது நில விலை மட்டும்தான்.

மதுரையிலிருந்து வரும் வழியில் என்ன இருக்கிறது?

பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விப்பட்டி, தனக்கன்குளம், தோப்பூர், கப்பலூர். ஹார்விப்பட்டி மில் தொழிலாளிகளுக்காக உருவான குடியிருப்பு, பெயரே ஹார்வி மில்லிலிருந்து வந்ததுதான். இரவில் பஸ்ஸில் வந்தால் ஒரு ஊர் முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரியாது. தோப்பூர்–உச்சப்பட்டியில் வீட்டுவசதி வாரியத்தின் துணைக்கோள் நகரமும் வந்தபிறகு இடைவெளி இன்னும் குறையும்.

குண்டாறு ஓடுகிறதா?

மழை பெய்தால். மேற்குமலையில் பெய்யும் மழை குண்டாறாகி ஊருக்குள் வந்து, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாகப் போகிறது. மற்ற நாளில் சாக்கடையும் கருவேலமும்தான். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்தின் கடைசிப் பெயர் இந்த ஆறுதான். தண்ணீர் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கடைமடை மனோபாவம் உண்டு. பெரியாறு–வைகைப் பாசனத்தில் திருமங்கலம் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் மேலே இருக்கிறவர்கள் எடுத்து மிஞ்சினால்தான் கீழே. வாடகை வீடு பார்க்கும்போது ஹால் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதற்கு முன்னால் போர்வெல் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். சில தெருக்களில் உப்பு.

‘திருமங்கலம் ஃபார்முலா’ என்றால்?

2009 ஜனவரியில் இங்கே சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. வீடு வீடாகப் பணம் போனதாகப் பேச்சு எழுந்து, ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்கே அரசியல் பேச்சில் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்றிலும் இந்தச் சொல் வருகிறது. வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் இதைத்தான் கேட்பார், கூடவே ஒரு சிரிப்பும். கொடுத்தவர்கள் வெளியூர், பெயர் எங்களுக்கு.

சாப்பாடு?

முனியாண்டி விலாஸ் என்று தமிழ்நாடு முழுக்க அசைவ ஓட்டல்கள் இருக்கின்றன அல்லவா, அதன் மூலக் கிராமம் வடக்கம்பட்டி, எங்களுக்குத் தெற்கே கள்ளிக்குடி பக்கம். அந்த ஊர்க்காரர்கள் 1930-களில் காரைக்குடியில் முதல் ஓட்டல் போட்டார்கள், பிறகு ஊர் ஊராகப் பரவினார்கள். தை, மாசி மாதங்களில் ஓட்டல்காரர்கள் எல்லாம் சொந்த ஊர் வந்து முனியாண்டிக்குக் கிடாய் வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். பிரசாதம் பிரியாணி. அண்டா அண்டாவாக வெந்து, வருகிறவர்களுக்கெல்லாம் விடியக்காலையிலேயே இலையில் விழும். பாத்திரம் கொண்டுபோனால் வீட்டுக்கும் கிடைக்கும்.

சிறு தொழில் தொடங்க யாரைப் பார்க்க வேண்டும்?

மதுரை மாவட்டத் தொழில் மையத்தை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம் உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள். சிட்கோவில் மனை காலியாகும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதுவரை வாடகை ஷெட்டில் தொடங்கியவர்கள்தான் அதிகம். மின் இணைப்பு எத்தனை குதிரைத்திறன் அனுமதி என்பதை ஷெட் உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாமல் மின்வாரிய அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து எந்த பஸ்?

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் அடிக்கடி உண்டு. திருப்பரங்குன்றம் வழியாக வரும், நேரம் எடுக்கும். மாட்டுத்தாவணியிலிருந்து விருதுநகர், ராஜபாளையம், தென்காசி பஸ்கள் போகும். ஏறுவதற்கு முன்னால் ‘திருமங்கலம் ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?’ என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். பைபாஸில் இறக்கிவிட்டால் ஆட்டோ பிடிக்கவேண்டிவரும். ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், எட்டு மணிக்கு மேல் நல்ல ஆடு நிற்காது.